பாக்கெட்டில் இருப்பது அதே பாக்டீரியாதானா? பயிர் காக்கும் நுண்ணுயிருக்கு ஒரு ‘மரபணு ரேகை’

சாந்தோம், மந்தைவெளி, பட்டினப்பாக்கம் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வெள்ளைப் பவுடர் புதிதல்ல. தக்காளிச் செடி திடீரென்று வாடி நின்றாலோ, கீரை நாற்று அடியோடு அழுகிச் சாய்ந்தாலோ, தோட்டம் போடும் நண்பர்கள் சொல்லும் முதல் யோசனை இதுதான்: “சூடோமோனாஸ் போட்டுப் பாருங்க.” விதைக் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. டெல்டா விவசாயிகள் இதையே கிலோ கணக்கில் வாங்கி நெல் விதையோடு கலக்கிறார்கள்.

ஒருவருக்கு அருமையாக வேலை செய்கிறது. அடுத்தவரோ, “ரெண்டு பாக்கெட் போட்டாச்சு, ஒண்ணும் ஆகலை” என்று உதட்டைப் பிதுக்குகிறார். பேர் ஒன்றுதான். பலன் ஏன் வேறுபடுகிறது? வெயில், தண்ணீர், பழைய சரக்கு என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பவுடருக்குள் இருப்பது யார்?

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை ‘இது அதுதான்’ என்று அடையாளம் காட்டுவது எப்படி? குற்றவாளியைக் கண்டுபிடிக்க உதவும் மரபணு ரேகைத் தொழில்நுட்பம்தான் இங்கேயும் கைகொடுக்கிறது. இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

சாந்தோம் வேறு, சாந்தோமோனாஸ் வேறு

முதலில் ஒரு பேர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நெற்பயிரின் இலை நுனியிலிருந்து வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே வரும் ‘பாக்டீரியா இலைக்கருகல்’ நோய்க்குக் காரணமான கிருமியின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. சாந்தோமுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாந்தோம் என்பது புனித தோமாவின் பெயரை போர்த்துக்கீசியர் உச்சரித்த விதம். சாந்தோமோனாஸ் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘சாந்தோஸ்’ என்றால் மஞ்சள். ஆய்வகத் தட்டில் வளரும்போது மஞ்சள் நிறத்தில் திரளும் என்பதால் அந்தப் பெயர்.

சாந்தோமோனாஸ் வில்லன் என்றால், பாக்கெட்டில் இருக்கும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் பயிரின் நண்பன். புற ஊதா ஒளியில் பார்த்தால் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், அதனால்தான் ‘ஃப்ளூரசன்ஸ்’. அந்த ஒளிரும் நிறமி வெறும் அழகுக்கு இல்லை. மண்ணில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் பொருள் அது. இரும்பு கிடைக்காமல் நோய்க் கிருமிகள் திணறும்.

இதோடு முடியவில்லை. வேரைச் சுற்றி முதலில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. சில ஆன்டிபயாடிக் பொருள்களைச் சுரந்து பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் அடக்குகிறது. செடியின் தற்காப்பு ஆற்றலையே முன்கூட்டித் தட்டி எழுப்பி வைக்கிறது. வேரில் தடவிய மருந்து இலையில் வரும் நோயையும் குறைப்பது இதனால்தான்.

‘நெல்’ என்று சொன்னால் போதுமா?

சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்பது ஓர் இனத்தின் பெயர். விதைக் கடையில் போய் “நெல் கொடுங்க” என்று கேட்டால், “எந்த நெல்லு? பொன்னியா, சி.ஆர்.1009-ஆ, ஏ.டி.டி.43-ஆ?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். எல்லாம் நெல்தான். ஆனால் வயது வேறு, விளைச்சல் வேறு, நோய் தாங்கும் திறன் வேறு.

பாக்டீரியாவிலும் இதே கதைதான். ஒரே இனத்துக்குள் எண்ணற்ற ரகங்கள் இருக்கின்றன. கொரோனா காலத்தில் ‘திரிபு’ என்று கேள்விப்பட்டோமே, கிட்டத்தட்ட அதுபோல. ஒரு ரகம் வாடல் நோயை விரட்டும். இன்னொரு ரகம் மண்ணில் சும்மா கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சின்னக் குச்சிகள். ஆய்வகத் தட்டிலும் ஒரே மாதிரிதான் ஒளிரும்.

தமிழ்நாட்டில் இந்த ரகங்களில் பிரபலமானது ‘பி.எஃப்.1’. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரனும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களில் இதை டால்க் பவுடரில் கலந்து, மாதக் கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் முறையை உருவாக்கினார்கள். கொண்டைக்கடலை வாடல் நோய்க்கு எதிராக அது பலன் தந்தது 1995-ல் ஆய்விதழில் வெளியானது. இன்று கடைகளில் பார்க்கும் வெள்ளைப் பவுடரின் மூதாதை அதுதான். நெல்லில் இலையுறைக் கருகலுக்கு எதிராக இன்னொரு ரகமும் அதே பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டது.

ஆக, ‘சூடோமோனாஸ்’ என்று பேர் போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த சூடோமோனாஸ் என்பதுதான் விஷயம்.

மரபணு ரேகை என்றால் என்ன?

சாந்தோமிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே போனால் காமராஜர் சாலையில் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அலுவலகம் இருக்கிறது. ரத்தக் கறை, முடி, எலும்பு போன்றவற்றிலிருந்து ஆளை அடையாளம் காணும் டி.என்.ஏ. சோதனையைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது நினைவுக்கு வருவது இதுபோன்ற ஆய்வகங்கள்தான். அந்தத் தொழில்நுட்பத்துக்கு அடிப்படை போட்டவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ். ஆண்டு 1984. மனித டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சில துண்டுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன என்பதை அவர் கண்டார்.

பாக்டீரியாவின் டி.என்.ஏ.விலும் இப்படித் திரும்ப வரும் சின்னச் சின்ன வரிசைகள் உண்டு. ரெப், எரிக், பாக்ஸ் என்று அவற்றுக்குச் செல்லப் பெயர்கள். 1991-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வெர்சலோவிக், லுப்ஸ்கி உள்ளிட்ட விஞ்ஞானிகள் இவற்றை வைத்தே பாக்டீரியாக்களைப் பிரித்து அறியலாம் என்று காட்டினார்கள். சீக்கிரமே மண்ணியல் ஆய்வாளர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இதை ஒரு பஸ் ரூட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். எல்லா ரூட்டிலும் நிறுத்தங்கள் இருக்கும். போர்டுகள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ரூட்டுக்கு ரூட் மாறும். முதல் இடைவெளி 400 மீட்டர், அடுத்தது 900, அதற்கடுத்தது 250 என்று அந்த தூரங்களை மட்டும் எழுதிக் கொடுத்தால்கூட இது எந்த ரூட் என்று சொல்லிவிடலாம்.

ஆய்வகத்தில் செய்வதும் இதுதான். கொரோனா சோதனையில் பரிச்சயமான பி.சி.ஆர். முறையில், இரண்டு ‘நிறுத்தங்களுக்கு’ நடுவே உள்ள டி.என்.ஏ. துண்டுகளை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்குகிறார்கள். பிறகு ஜெல்லியைப் போன்ற ஒரு பலகையில் அவற்றை வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். கடைசியில் கிடைப்பது கடைப் பொருள்களில் இருக்கும் பார்கோடு மாதிரி வரிசையாகச் சில கோடுகள். அந்தக் கோட்டு வரிசைதான் அந்த ரகத்தின் ரேகை. ரேகை பொருந்தினால் ஒரே ரகமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பொருந்தாவிட்டால் ஆள் வேறு.

சென்னையில் தேடப்பட்ட 278 பாக்டீரியாக்கள்

அதே காமராஜர் சாலையில் இன்னும் வடக்கே, சேப்பாக்கத்தில் இருக்கிறது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் தாவரவியல் ஆய்வகத்தை 1940-களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் வழிநடத்தியவர் டி.எஸ்.சதாசிவன். பருத்தியை வாட்டும் ஃபியூசேரியம் பூஞ்சை மண்ணில் எப்படி வாழ்கிறது, வேருக்குள் எப்படி நுழைகிறது என்பதையெல்லாம் ஆராயும் ஒரு பரம்பரையையே அவர் உருவாக்கினார். வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களைக் கவனிக்கும் வழக்கம் சென்னைக்குப் பழையது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் சாமுவேல் ஞானமாணிக்கமும் அவருடைய மாணவர்களும் நெல் நோய்களுக்கு எதிரான பாக்டீரியாக்களைப் பல ஆண்டுகள் தேடினார்கள். அதில் முக்கியமான ஒரு முடிவு 2006-ல் கனடாவிலிருந்து வெளிவரும் நுண்ணுயிரியல் ஆய்விதழில் வந்தது. வேலுசாமி, ஞானமாணிக்கம் ஆகியோருடன் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி லிண்டா தாமஷோவும் அதில் பங்காற்றியிருந்தார்.

அவர்கள் தேடியது டி.ஏ.பி.ஜி. என்ற ஆன்டிபயாடிக்கைச் சுரக்கும் ரகங்களை. கோதுமை, புகையிலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கல்லாத சர்க்கரைக் கிழங்கு எனப்படும் ‘சுகர் பீட்’ ஆகிய பயிர்களில் நோயை அடக்குவதாக வெளிநாடுகளில் இது பேர் வாங்கியிருந்தது. ஆனால் இந்திய பாக்டீரியாக்களில் அதுவரை பதிவாகவில்லை. செடிகளோடு சேர்ந்து வாழும் 278 ஒளிரும் சூடோமோனாஸ்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் வளர்த்து ரசாயனச் சோதனை செய்வதென்றால் காலம் போதாது. எனவே, அந்த ஆன்டிபயாடிக்கைத் தயாரிக்கும் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். மூலம் பார்த்தார்கள். மரபணு இருந்தால் 745 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு தெரியும். இல்லையென்றால் ஒன்றும் தெரியாது.

278-ல் தேறியது 27. அதாவது பத்துக்கு ஒன்று. ‘ஒளிரும் சூடோமோனாஸ்’ என்ற ஒரே அடையாளத்தோடு இருந்தவற்றில் பத்தில் ஒன்பதிடம் இந்த ஆயுதமே இல்லை.

ஆயுதம் இருப்பது வேறு, அது நோயை அடக்குகிறது என்று நிரூபிப்பது வேறு. வலைக்கூடத்திலும் வயலிலும் நடந்த சோதனைகளில் இலைக்கருகல் நோய் 59 முதல் 64 சதவீதம் வரை குறைந்தது. அடுத்து செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். பி.டி.பி.9 என்ற ரகத்தில் அந்த ஒரு மரபணுச் செயலை மட்டும் முடக்கினார்கள். முடக்கப்பட்ட பாக்டீரியா மற்ற எல்லாவற்றிலும் பழையபடிதான் இருந்தது. ஆனால் நோயைக் கட்டுப்படுத்தும் திறன் வெகுவாகக் குறைந்துபோனது. சாந்தோமோனாஸை அடக்கியதில் அந்த ஆன்டிபயாடிக்குக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இப்படி உறுதியானது.

இங்கே இரண்டு சோதனைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மரபணுச் சோதனை, “கையில் ஆயுதம் இருக்கா?” என்று கேட்கிறது. மரபணு ரேகை, “ஆள் யாரு?” என்று கேட்கிறது. இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் ஒரு ரகத்தை நம்பி வயலில் விடலாம்.

வேரில் யார் ஜெயித்தது?

விதையோடு பாக்டீரியாவைக் கலந்து விதைத்தாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து வேரைப் பிடுங்கிச் சோதித்தால் ஏராளமான சூடோமோனாஸ் தெரிகிறது. நாம் விட்டதா, ஏற்கெனவே மண்ணில் இருந்ததா? ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும்போது, ரேகை பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இதன் பயன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கோதுமை வயல்களில் நன்றாகத் தெரிந்தது. அங்கே ‘டேக்-ஆல்’ என்று ஒரு வேர் நோய் உண்டு. விளைச்சலை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும் என்பதால் அந்தப் பெயர். விசித்திரம் என்னவென்றால், அதே நிலத்தில் விடாமல் கோதுமையே போட்டுவந்தால் சில ஆண்டுகளில் நோய் தானாகவே அடங்கிவிடும். காரணம், டி.ஏ.பி.ஜி. சுரக்கும் சூடோமோனாஸ்கள் அந்த மண்ணில் பெருகிவிடுவதுதான்.

ரேகை எடுத்துப் பார்த்தபோது அவை எல்லாம் ஒரே ரகம் இல்லை என்று தெரிந்தது. ‘டி’ என்று பெயரிடப்பட்ட ஒரு வகைதான் பெரும்பான்மை. அதைச் சேர்ந்த ஒரு ரகத்தை ரைமேக்கர்ஸ், வெல்லர் ஆகியோர் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். ஒரு கிராம் மண்ணுக்கு வெறும் 100 செல்கள்தான் விட்டார்கள். அது ஒரு கிராம் வேருக்கு 1 லட்சத்துக்கும் மேல் பெருகியது. தொடர்ந்து எட்டு முறை கோதுமை வளர்த்தபோதும் அதே அளவில் தாக்குப்பிடித்தது. அதே ஆன்டிபயாடிக்கைச் சுரக்கும் மற்ற ரகங்கள் போகப் போகக் குறைந்துவிட்டன. ஆயுதம் ஒன்றுதான், ஆனால் வேரோடு ஒட்டி வாழும் சாமர்த்தியம் ரகத்துக்கு ரகம் வேறு.

நண்பன் வேஷத்தில் எதிரி வரலாமா?

ரேகை பார்ப்பது விளைச்சலுக்காக மட்டும் இல்லை, மனிதர்களின் பாதுகாப்புக்காகவும்தான். சூடோமோனாஸ் குடும்பத்திலேயே ஏருஜினோசா என்று ஒரு பொல்லாத உறவுக்காரர் உண்டு. மருத்துவமனைகளில் புண், நுரையீரல், சிறுநீர்ப் பாதை என்று தொற்றும். 2023-ல் அமெரிக்காவில் கண் சொட்டு மருந்து விவகாரத்தில் சிலரின் பார்வையைப் பறித்தது இந்த இனம்தான். ஏருஜினோசாவிலும் பயிர் நோயை அடக்கும் ரகங்கள் மண்ணில் கிடைக்கின்றன. “நல்லா வேலை செய்யுதே” என்று அவசரப்பட்டு அதைப் பெருக்கிப் பாக்கெட்டில் அடைத்தால் என்னவாகும்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பர்கோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியாவின் கதை அதைத்தான் சொல்கிறது. 1950-ல் வெங்காய அழுகலுக்குக் காரணமாக அறியப்பட்டது. பின்னர் அதன் சில ரகங்கள் பயிர் காக்கும் நண்பனாகப் பெயர் எடுத்தன. அதே சமயம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களின் உயிருக்கே உலை வைத்தது இதன் உறவுக் கூட்டம். “வயலில் இருப்பது வேறு, ஆஸ்பத்திரியில் இருப்பது வேறு” என்று ஒரு தரப்பு வாதிட்டது.

2002-ல் லான்செட் மருத்துவ இதழில் லிபூமா குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்த வாதத்தை ஆட்டம் காணவைத்தது. நோயாளிகளிடம் பரவிவந்த ஒரு ரகமும், விவசாய மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவும் ஒரே ரேகையைக் காட்டின. அடுத்த ஆண்டே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தக் கூட்டத்தைப் புதிதாகப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ரேகை சொல்லாதது எது?

ரேகை பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் ரேகை காட்டும். எனவே உயிருள்ள செல்களின் எண்ணிக்கையைத் தனியாக எண்ணியே ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. தொழிற்சாலைத் தொட்டியில் சொகுசாக வளரும்போது சூடோமோனாஸ் ‘சோம்பேறி’ ஆகிவிடுவது உண்டு. ‘காக்’ என்ற கட்டுப்பாட்டு மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே ஆன்டிபயாடிக் சுரப்பது நின்றுவிடும். சுரக்கும் செலவு மிச்சம் என்பதால் அப்படிப்பட்ட செல்கள் தொட்டியில் மற்றவற்றை முந்திப் பெருகும். கோட்டு வரிசையில் பார்த்தால் ஆள் அதே ஆள்தான். வேலைதான் செய்ய மாட்டார். இதைத் தவிர்க்கத் தயாரிப்பாளர்கள் தாய்க் கல்ச்சரை உறைநிலையில் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே புதிதாகத் தொடங்க வேண்டும்.

இப்போது முழு மரபணுத் தொகுப்பையே படிக்கும் வசதி வந்துவிட்டது. 2005-ல் பி.எஃப்-5 என்ற ரகத்தின் சுமார் 70 லட்சம் எழுத்துகளையும் படித்து முடித்தார்கள். பிற்பாடு அது ஃப்ளூரசன்ஸ் இனமே இல்லை, தனி இனம் என்று முடிவாகி, 2011-ல் ‘சூடோமோனாஸ் புரொடெஜன்ஸ்’ என்று பெயர் மாறியது. பயிரைக் காப்பதில் உலகப் புகழ் பெற்ற ரகத்துக்கே இந்த நிலை. இனத்தின் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

வாங்குபவர் என்ன பார்க்கலாம்?

இந்தியாவில் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டிய பொருள். ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். சால்மொனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ போன்ற நோய்க் கிருமிகள் இருக்கக் கூடாது என்பது விதி.

வீட்டு மாடியில் யாரும் பி.சி.ஆர். செய்ய முடியாது. ஆனால் லேபிளைப் படிக்கலாம். பதிவு எண் இருக்கிறதா? ரகத்தின் பெயர் போட்டிருக்கிறதா, இல்லை வெறும் ‘சூடோமோனாஸ்’ என்று மட்டும் இருக்கிறதா? செல் எண்ணிக்கை, தயாரித்த தேதி, காலாவதி தேதி தெளிவாக உள்ளனவா? பெரிய அளவில் வாங்கும் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் ஒரு படி மேலே போய், “தாய்க் கல்ச்சரோட ரேகையும் இந்த பேட்ச்சோட ரேகையும் ஒத்துப்போகுதா? ரிப்போர்ட் காட்டுங்க” என்று தயாரிப்பாளரிடம் கேட்கலாம். நியாயமான கேள்விதான் அது.

வாங்கிய பிறகு பாக்கெட்டை வெயில் படும் மாடிச் சுவரில் வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது உயிர். தாமிரம் கலந்த மருந்துகளோடு சேர்த்துக் கலக்கவும் கூடாது. வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் போதும். பவுடரைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் இந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிடலாம்.